சூரிச் நோன்பு மீறல் (1522)

சூரிச் நோன்பு மீறல் என்பது சுவிட்சர்லாந்தில் கிறித்தவ சமயச் சீர்திருத்தம் தொடங்கக் காரணமான நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

தவக்காலத்தில் இறைச்சி உண்ணத் திருச்சபை தடை விதித்திருந்தது. 1522 மார்ச்சில் அச்சக உரிமையாளர் கிறிஸ்டோப் புரோஷாவரின் வீட்டில் சிலர் இறைச்சி உண்டனர். இரவு பகலாக அச்சு வேலை செய்வோருக்குக் கூழ் மட்டும் போதாது, எப்போதும் மீன் வாங்கவும் இயலாது என்று அவர் நகர மன்றத்திடம் கூறினார்.

உடனிருந்தும் இறைச்சியைத் தொடாத குரு உல்ரிச் சுவிங்கிலி, உண்டவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்தார். உணவுத்தடை மனிதர் வகுத்த விதி. விரும்புவோர் நோன்பிருக்கலாம், பிறரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். அதேவேளை, தம் உரிமையைக் காட்டுவதற்காக நம்பிக்கையில் எளியோரின் மனத்தைப் புண்படுத்தலாகாது என்றும் வலியுறுத்தினார்.

மன்றம் தடையை உடனே நீக்கவில்லை. எனினும், உண்பதும் உண்ணாதிருப்பதும் அவரவர் மனச்சான்றைச் சார்ந்தவை என்னும் கருத்து பரவியது.