ஷெல் கட்டளைகளும் ஆர்க் மோடின் இயல்புநிலையும்

ஈமாக்ஸ் எடிட்டரில் குறிப்பெழுதவும் வேலைகளைத் திட்டமிடவும் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் உருவாக்கியது ஆர்க் மோட். எரிக் ஷுல்ட்டும் டான் டேவிசனும் எழுதிய 'பேபல்' அதோடு சேர்ந்த பிறகு, குறிப்பின் நடுவிலேயே ஷெல் கட்டளைகளை எழுதி இயக்க முடிந்தது. கட்டளைத் துண்டின்மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-சி இருமுறை அழுத்தினால், இயக்கலாமா என்று கேட்டுவிட்டு, விடையை அதன் கீழேயே எழுதிவிடும். சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. செய்முறையும் விளைவும் ஒரே கோப்பில் இருக்கும்.

ஆனால், நாம் எதுவும் சொல்லாதபோது பேபல் தானாக எடுக்கும் சில முடிவுகள் ஷெல்லுக்குப் பொருந்துவதில்லை.

முதலாவது, வெளியீட்டை அட்டவணையாக்குவது. வட்டில் மீதியுள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை இயக்கிப் பாருங்கள். இடைவெளி வந்த இடமெல்லாம் சொற்கள் வெட்டுப்பட்டு, 'மவுண்டட் ஆன்' என்ற ஒரே தலைப்பு இரண்டு கட்டங்களில் போய் உட்காரும். 'ரிசல்ட்ஸ்' அமைப்பில் 'அவுட்புட்' என்று குறித்தால், டெர்மினலில் வருவது அப்படியே வரும்.

இரண்டாவது, ஒவ்வொரு துண்டும் தனி ஷெல்லில் ஓடுவது. முதல் துண்டில் 'சிடி' கொடுத்து வேறு ஃபோல்டருக்குப் போனாலும் அடுத்த துண்டுக்கு அது தெரியாது. 'செஷன்' அமைப்பில் ஒரு பெயர் கொடுத்தால், அதே பெயருள்ள துண்டுகள் ஒரே ஷெல்லில் தொடரும்.

மூன்றாவது, பிழைச்செய்தி விடையோடு சேராமல் வேறு பஃபருக்குப் போய்விடுவது. 'புரோலாக்' அமைப்பில் பிழை வழியை வெளியீட்டு வழியோடு இணைத்து, 'எபிலாக்' அமைப்பில் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் அதுவும் கோப்பிலேயே பதிவாகும். ஷெல்லில் முக்காற்புள்ளி எப்போதும் வெற்றி பெறும் கட்டளை. எனவே தோல்வியும் வெற்றியாகவே கணக்காகும். செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த அமைப்புகளை நான்கு இடங்களில் குறிக்கலாம்: ஈமாக்ஸின் அமைப்புக் கோப்பு, ஆவணத்தின் தலைப்பகுதி, ஒரு தலைப்பின் கீழ், அல்லது துண்டின் முதல் வரி. எல்லை குறுகக் குறுக அதிகாரம் கூடும். துண்டின் வரியில் சொன்னதே இறுதி.

பலரும் அமைப்புக் கோப்பில் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த மாற்றம் அவர்கள் கணினியைத் தாண்டாது. ஆவணத்தைப் பெறும் சக ஊழியரிடம் அதே கட்டளை வேறு விதமாக நடக்கும். ஆகவே ஆவணத்தின் தலைப்பகுதியில் 'ப்ராப்பர்ட்டி' வரியாக எழுதுங்கள். எழுதியதும் அந்த வரியிலும் கண்ட்ரோல்-சி இருமுறை அழுத்துங்கள், அப்போதுதான் மாற்றம் நடப்புக்கு வரும். பிறர் இயக்கிப் பார்க்க வேண்டிய செய்முறை, தனக்குத் தேவையான அமைப்பையும் தன்னோடே கொண்டுபோக வேண்டும்.