வீட்டுக் குப்பையும் கூட்டெருவும்

மரக்கறித் தோல், சாயம் வடித்த தேயிலைத் தூள், முட்டையோடு முதலியவை லயங்களின் கான்களில் கொட்டப்படுவதுண்டு. இதனால் மழைக் காலத்தில் கான் அடைபட்டு நீர் தேங்கும், நுளம்பும் பெருகும். இவற்றையே கூட்டெருவாக்கினால் மரக்கறித் தோட்டத்துக்குச் செலவின்றிப் பசளை கிடைக்கும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையும், தடை நீங்கிய பின் 2022இல் அதன் விலை ஏறியமையும் கொட்டகலை விவசாயிகள் அறிந்தவையே.

செய்யும் முறை: மலைநாட்டில் குழி வெட்டுதல் நன்றன்று, குழியில் மழைநீர் தேங்கினால் காற்றுப் புகாது குப்பை நாறும். ஆகவே மேட்டு நிலத்திற் குவியலாக அடுக்குக. அரை அடி உயரத்திற்குக் குப்பையும் காய்ந்த இலையும் கலந்து பரப்பி, அதன்மேற் சாணக் கரைசலைத் தெளித்து, சிறிது மண் தூவுக. இவ்வாறு மூன்றடி உயரம் வரை அடுக்கி, மானாப்புல்லால் மூடி, சுற்றிலும் வடிகான் வெட்டுக. மூன்று வாரத்திற்கொருமுறை புரட்டினால் நுண்ணுயிர்களுக்குக் காற்றுக் கிடைக்கும். குளிர் மிகுந்த இடங்களில் உக்குவதற்கு நான்கு மாதமும் செல்லலாம். கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை வீசுவதே பக்குவம்.

விலக்க வேண்டியவை: மீன், இறைச்சி, எண்ணெய், பொலித்தீன், கண்ணாடி, மின்கலம். விறகுச் சாம்பலைச் சிறிதளவே சேர்க்கவும். மிகுந்தால் தழைச்சத்து வீணாகும்.

நிலமில்லாதோர் கிழிந்த அரிசிச் சாக்கிலும் பழைய தகரப் பேணியிலும் அடியில் துளையிட்டு, மண்ணும் கூட்டெருவும் சமமாக நிரப்பி, லீக்ஸும் போஞ்சியும் நடலாம். வாசற்படியருகே விளையும் மரக்கறி, சம்பளத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும்.