இயந்திரத்தை மாற்றும் முன் ஊசியைப் பாருங்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மர அலமாரியில் நூற்று முப்பது இசைத்தட்டுகள் இருக்கின்றன. துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தை, சம்பளம் வாங்கிய வாரத்தில் மூர்மார்க்கெட்டுக்குச் சென்று ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தவை அவை. 1985இல் மூர்மார்க்கெட் தீக்கிரையானதோடு அந்த வழக்கமும் நின்றது. திரைப்பாடல்கள், நாகஸ்வரம், பக்திப் பாடல்கள், திரைப்படக் கதை வசனத் தட்டுகள் என அது ஒரு தொழிலாளியின் ரசனை வரைபடம். அவர் மறைந்த பிறகு அவற்றைக் கேட்க விரும்பி, பெட்டி வடிவில் அழகாக இருந்த மலிவான பிளேயர் ஒன்றை வாங்கினேன். ஓராண்டுக்குள், நான் அடிக்கடி கேட்ட நாகஸ்வரத் தட்டில் மேல்ஸ்தாயி வரும் இடமெல்லாம் கரகரப்பு ஏறிவிட்டது. தட்டுக்கு வயதாகிவிட்டது என்றே முதலில் எண்ணினேன். என் தந்தை நாற்பது ஆண்டு காத்த தட்டை நான் ஓராண்டில் தேய்த்துவிட்டேன் என்பது பின்னர்தான் புரிந்தது.

இசைத்தட்டு கேட்கும் பழக்கம் மீண்டும் பரவி வருகிறது. பரணிலிருந்து தாத்தாவின் தட்டுகளை இறக்கிய இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த டர்ன்டேபிள் நல்லது?’ என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்காமல் பணத்தைச் செலவிட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஊசி நடக்கும் தொலைவு

இசைத்தட்டின் வரிப்பள்ளம் கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிந்தாலும், உண்மையில் அது இரண்டு சுவர்கள் கொண்ட ஒரு கால்வாய். ஸ்டீரியோ தட்டில் இடப்பக்க ஒலி ஒரு சுவரிலும் வலப்பக்க ஒலி மறு சுவரிலும் நெளிவுகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்தச் சுவர்களை உரசிச் செல்லும் வைர ஊசி நெளிவுகளுக்கேற்ப அதிர்கிறது. அதைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. வைரம் உலகின் மிகக் கடினமான பொருள்களுள் ஒன்று. தட்டோ வினைல் என்னும் பிளாஸ்டிக். இந்த இரண்டும் உரசும்போது எது தோற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல் சுழலும் நெடுந்தட்டில், வெளி ஓரத்தில் ஊசி நொடிக்கு அரை மீட்டர் செல்கிறது. உள் ஓரத்தில் சுமார் 20 சென்டிமீட்டர். ஒரு பக்கத்தின் 20 நிமிடத்தில் அது கடக்கும் தொலைவு 400 மீட்டருக்கும் அதிகம். வைர ஊசியை 500 முதல் 1,000 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. 500 மணி நேரம் என்றால் அந்த ஊசி ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நடந்திருக்கும்; அதாவது சென்னையிலிருந்து கிளம்பிக் கன்னியாகுமரியை நெருங்கியிருக்கும். அதன் பிறகு உருண்டை முனை பட்டையாகி, ஓரம் கூர்மையாகி, சுவர்களைக் கேட்பதற்குப் பதிலாகச் சீவத் தொடங்கும்.

அடுத்தது எடை. நல்ல மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தட்டின் மீது ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரை மட்டுமே அழுத்தும். மலிவான பெட்டிப் பிளேயர்களில் உள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் அதைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. அந்த எடையைக் குறைக்கும் வழியும் அவற்றில் இருப்பதில்லை. என் நாகஸ்வரத் தட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

சுழற்றும் முறைகள் மூன்று

டர்ன்டேபிள்களை ஒப்பிடும்போது பலரும் முதலில் பார்ப்பது மோட்டார் தட்டை எப்படிச் சுழற்றுகிறது என்பதை. ரப்பர் சக்கரம் ஒன்றை இடையில் வைத்து உந்துவது பழைய முறை. அன்றைய பல பிளேயர்களில் இருந்தது அதுதான். வேகம் பிடிக்கும் வலிமை அதற்கு உண்டு. ஆனால், ரப்பர் இறுகினால் மோட்டாரின் உறுமல் பாட்டோடு சேர்ந்து கேட்கும். இரண்டாவது பெல்ட் முறை. மெல்லிய ரப்பர் பெல்ட் மோட்டாரின் அதிர்வைத் தன்னிடமே வாங்கிக்கொள்வதால் அமைதி கூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும். மூன்றாவது, மோட்டாரின் அச்சே தட்டின் அச்சாக இருக்கும் நேரடிச் சுழற்சி. டெக்னிக்ஸ் நிறுவனம் 1970இல் எஸ்பி-10 மூலம் இதைக் கொண்டுவந்தது. 1972இல் வந்த அதன் எஸ்எல்-1200 வரிசை 2010இல் நிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் வந்தது.

இவற்றுள் எது உயர்ந்தது என்ற வாதத்துக்கு முடிவில்லை. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் வேலை பார்த்த எந்த ஃபிட்டரும் இதற்கு எளிய விடை சொல்வார்: அச்சு நேராக இருக்கிறதா, பேரிங்கில் எண்ணெய் இருக்கிறதா, சுற்றும்போது தட்டு மேலும் கீழும் ஆடுகிறதா? இவை சரியாக இருந்தால் மூன்று முறைகளுமே நல்லவை; இல்லாவிட்டால் எதுவுமே பயனில்லை. வேகம் சிறிது கூடிக் குறைந்தாலும் நீண்டு நிற்கும் நாகஸ்வரத்திலும் வீணையிலும் அது உடனே காதில் படும். தாளம் மிகுந்த திரைப்பாட்டில் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே, நீங்கள் அதிகம் கேட்பது எது என்பதும் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். தட்டின் நடுத்துளையே சற்று விலகி அச்சாகியிருந்தால் வரும் ஊசலாட்டத்தை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் போக்காது.

கப்பலில் வந்த இயந்திரங்கள்

துறைமுகத்தை ஒட்டிய பகுதி என்பதால் வெளிநாட்டு இயந்திரங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. கப்பலில் வேலை பார்த்தவர்களும் உறவினர்களும் கொண்டுவந்தவை, பர்மா பஜாரில் கைமாறியவை எனப் பல வீடுகளில் உண்டு. அவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. பழைய ஏசி சிங்க்ரனஸ் மோட்டார்களின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஆகவே அமெரிக்காவுக்காகச் செய்த அத்தகைய டர்ன்டேபிள் இங்கே நிமிடத்துக்கு 33 சுற்றுக்குப் பதிலாக 28 சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே பாடுவார். தட்டு கெட்டுவிட்டதாகக் கருதி இயந்திரத்தையும் தட்டையும் சேர்த்தே பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்களை நான் அறிவேன்.

தீர்வு எளிது. பெல்ட் வகையாக இருந்தால், மோட்டார் புல்லியின் விட்டத்தை ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். ஒரு நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கிவிடலாம். வடசென்னையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் நேரடிச் சுழற்சி இயந்திரங்களுக்கும், டிசி மோட்டார் கொண்ட இன்றைய இயந்திரங்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

எதை முதலில் மாற்றுவது?

மேம்படுத்துவது என்றாலே புதிய இயந்திரம் வாங்குவது என்று கடைகள் நம்மைப் பழக்கிவிட்டன. என் அனுபவத்தில் வரிசை நேர்மாறானது. செலவே இல்லாததிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது, இடம். ஊசி மைக்ரான் அளவு நெளிவுகளைப் படிக்கும் கருவி. தரையின் அதிர்வையும் அது பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் செல்லும் சாலையோரத்திலும், ரயில் பாதையை ஒட்டியும் குடியிருக்கும் எங்களுக்கு இது சிறு விஷயம் அல்ல. மேசையை விடச் சுமை தாங்கும் சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து, அதன் மேல் கனமான பலகை போட்டு வைப்பது நல்லது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து நான்கு பக்கமும் சமம் பார்த்துவிட வேண்டும். ஒலிபெருக்கியும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாளுவதை 2011இல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொல்லும் வரை ராயபுரத்து வீடுகளில் சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் இன்றும் கவலைக்குரியது. அந்தச் சாம்பலில் உள்ள சிலிக்கா வினைலை விடக் கடினமானது; வரிப்பள்ளத்தில் அது கிடக்க ஊசி ஓடினால், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். அதோடு கடற்காற்றின் ஈரம் உறைகளில் பூசணம் பிடிக்க வைக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, மீண்டும் வெறும் நீரால் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. புத்தகம் போல நிறுத்த வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: பழைய 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும்.

மூன்றாவது, ஊசி. எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத ஊசியைத் தேய்ந்த ஊசியாகவே கொள்ள வேண்டும். புதிய ஊசி மாற்றி, சிறிய மின்னணுத் தராசில் எடையை அளந்து, அச்சிட்ட அளவுத்தாளின் உதவியால் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்தாலே பழைய இயந்திரம் பாதி புதியதாகிவிடும். 78 தட்டுகளின் பள்ளம் நெடுந்தட்டின் பள்ளத்தை விட மிகவும் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் அளவுள்ள தனி ஊசி தேவை. இது நம்மவர்களுக்கு முக்கியம். நெடுந்தட்டு 1948இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டாலும், இந்தியாவில் 1960களில்கூட 78 தட்டுகள் வெளியாகின. பீட்டில்ஸ் பாடல்களே இங்கே அப்படி அச்சாகின. ஆகவே ஒரே அலமாரியில் 78, 45, 33 மூன்றும் கலந்திருப்பது நம் வீடுகளில் இயல்பு.

நான்காவது, ஃபோனோ பிரீஆம்ப். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டில் ஒலியைச் செதுக்கும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்தும் மேல்ஸ்தாயியைக் கூட்டியும் பதிகிறார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்வதும் பிரீஆம்பின் வேலை. அது இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிட்டு, ‘தட்டு என்றால் இப்படித்தான் சன்னமாகக் கேட்கும்’ என்று நினைப்பவர்கள் உண்டு.

இவை நான்கும் முடிந்த பிறகே இயந்திரம். தொடங்குபவர்களுக்கு ஆடியோ டெக்னிகாவின் எல்பி-60 போன்ற தானியங்கி போதும்; எடையை மாற்ற முடியாது, ஆனால் தட்டைக் கெடுக்காது. மூன்று வேகமும் எடைச் சீரமைப்பும் வேண்டுமெனில் அதே நிறுவனத்தின் எல்பி-120 வரிசை பொருந்தும். அதனுடன் வரும் கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி, 78 தட்டுக்கான ஊசியை மாட்டிக்கொள்ளலாம். 33, 45 மட்டும் கேட்பவர்கள் ரேகா, புரோஜெக்ட் போன்ற பெல்ட் வகைகளைப் பார்க்கலாம். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும்.

எதற்காக இத்தனை பாடு?

இசைத்தட்டின் ஒலியே உயர்ந்தது என்று நான் வாதிட வரவில்லை. சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் இடையிலான வீச்சில் குறுந்தகடு அதை விஞ்சிவிடும். கைப்பேசியில் தெளிவாகக் கிடைக்கும் பாடலுக்காக ஒருவர் டர்ன்டேபிள் வாங்கினால் அது அவருடைய விருப்பம், அவ்வளவே. ஆனால், என் தந்தையின் அலமாரியில் உள்ள சில பதிவுகளை நான் வேறெங்கும் தேடிக் கண்டடையவில்லை. அத்தகைய தட்டுகளுக்கு ஒவ்வொரு முறை ஒலிப்பதும் ஒரு செலவு. நல்ல ஊசியில் ஒருமுறை ஒலிக்கவிட்டு, கணினியில் பதிந்து வைத்துவிட்டால் அந்தச் செலவு குறையும்.

அதை ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்ய இயலாது. வடசென்னையின் கிளை நூலகங்களில் ஒன்றிலேனும் சரியாகச் சீரமைத்த ஒரு டர்ன்டேபிளும், இரண்டு ஊசிகளும், பதிவு செய்ய ஒரு கணினியும் இருந்தால் போதும். மக்கள் தங்கள் தட்டுகளைக் கொண்டுவந்து பதிந்துகொண்டு, தட்டைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஆலைகளும் துறைமுகமும் மட்டுமே வடசென்னையின் வரலாறு அல்ல. அங்கே உழைத்தவர்கள் மாலையில் என்ன கேட்டார்கள் என்பதும் வரலாறுதான்.

அந்த நாகஸ்வரத் தட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நீள்வட்ட முனை கொண்ட புதிய ஊசி, பழைய ஊசி தொடாத சுவர்ப்பகுதியையும் தொடுவதால் கரகரப்பு ஓரளவு குறைந்தது, முழுவதும் போகவில்லை. மீதி நூற்று இருபத்தொன்பது தட்டுகளுக்கு அது நேரவில்லை.