மழைக்கு முன் ஒரு துளை

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. அதற்கு முன்பாகக் கூரையைச் சரிபார்க்கிறோம். வடிகாலைத் தூர்வாரக் கோருகிறோம். ஆனால், மொட்டைமாடியின் மூலையில் கிடக்கும் உடைந்த வாளியையும் பழைய பெயின்ட் டப்பாவையும் மறந்துவிடுகிறோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவதற்குச் சாக்கடை தேவையில்லை. தேங்கிய தெளிந்த நீரே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். மழைநீர் எட்டியதும் பொரிந்து, ஏறத்தாழ 10 நாள்களில் கொசுவாகிவிடும். ஆகவே, வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும்.

கழுவிய வாளியைக் குப்பையில் எறிந்தால், அது இன்னோர் இடத்தில் நீரைத் தேக்கும். அதன் அடியில் நான்கைந்து துளைகள் இட்டு மண் நிரப்பினால் செடி வளர்க்கும் தொட்டியாகும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்தத் துளைகள்தாம்.

துளையின் மேல் ஓட்டுச்சில்லு வைத்தால் மண் அடைக்காது. செம்மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்பலாம். தொட்டியைச் செங்கற்களின் மீது வைத்தால் நீர் வடியும். தளத்தில் ஈரம் ஊறாது. மழைக்காலத்தில் தொட்டியின் கீழே தட்டு வைக்கக் கூடாது. அதுவும் கொசுவுக்கு இடமளிக்கும்.

நனைந்த மண்ணின் எடை மிக அதிகம். எனவே, தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர்களுக்கு மேலாகப் பரவலாக வைப்பதே பாதுகாப்பு. பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த கலன்களில் உணவுப் பயிர் வளர்க்கக் கூடாது. பழைய டயர்களில் உள்வளைவில் நீர் தங்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நலம்.

ஐப்பசியில் விதைக்க எளியவை சிறுகீரை, முள்ளங்கி, கொத்தமல்லி. சிறுகீரையை ஒரு மாதத்துக்குள்ளும், முள்ளங்கியை ஏறத்தாழ 45 நாள்களிலும் பறித்துவிடலாம். பலத்த மழை சிறு விதைகளை அடித்துச் செல்லும். அடிப்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றிய தண்ணீர் பாட்டிலை நாற்றின் மீது கவிழ்த்தால், அது குடைபோலக் காக்கும். வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் உள்ளே வெப்பம் மிகுந்து நாற்று வாடும்.

மண்ணுக்கான உரமும் வீட்டிலேயே உண்டு. பக்கவாட்டில் துளையிட்ட மற்றொரு வாளியில் காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் மாறிமாறி அடுக்கி, மழை படாமல் மூடிவைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் மக்கிவிடும். ஈரம் மிகுந்து வாடை வந்தால் இன்னும் சருகு சேர்த்தால் போதும். எரிக்கப்படும் சருகுக்கும் இதனால் ஒரு பயன் கிடைக்கிறது.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கியிருக்கிறது. வரவேற்கத்தக்க முயற்சி அது. ஆயினும், அவற்றிலுள்ள நெகிழிப் பைகள் வெயிலில் நைந்து மீண்டும் குப்பையாகின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வாளிக்கு அந்தச் செலவும் இல்லை. புதிய குப்பையும் இல்லை. கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வரும் உள்ளாட்சிப் பணியாளர்கள், நீர் தேங்கும் கலன்களை அகற்றச் சொல்வதோடு, அவற்றைத் தொட்டியாக்கும் வழியையும் சொல்லலாம். மாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க, மழை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.