கடப்பாரை விழும் முன் ஒரு வார்த்தை! காஞ்சீபுரத்து தறி வீடுகளுக்கு காவல் யார்?

காலை நேரத்தில் காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போய் இருக்கிறீர்களா?

தெருவில் பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி இருப்பார்கள். கஞ்சி தோய்த்த பாவு. இளவெயிலில் காய வேண்டும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சு போட வேண்டும். தெருவில் போகிறவர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

இரு புறமும் வீடுகள். வாசலில் திண்ணை. உள்ளே நீளமான கூடம். கூடத்தில் தறிக்குழி.

"வீடு பழசாச்சு. ஓடு ஒழுகுது. இடிச்சுட்டு மாடி கட்டிடலாம்."

இந்தப் பேச்சு அந்தத் தெருக்களுக்கு புதிது அல்ல. பேச்சு எழுந்த சில மாதங்களில் கடப்பாரை வந்து விடும். திண்ணை போகும். கூடம் போகும். தறியும் போகும்.

அதற்கு முன்பு, "கொஞ்சம் பொறுங்க, வேறு வழி இருக்கிறதா பார்ப்போம்" என்று சொல்ல ஊரில் ஒருவர் வேண்டாமா? அந்த வேலைக்கு ஏற்பட்டதுதான் பாதுகாப்பு ஆலோசனைக் குழு.

கோவிலுக்கு காவல் உண்டு

காஞ்சீபுரத்தில் கோவில்களுக்கு சட்டத்தின் காவல் இருக்கிறது. கைலாசநாதர் கோவில், வைகுண்ட பெருமாள் கோவில், வீடுகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் முக்தீசுவரர், மதங்கேசுவரர் போன்ற பல்லவர் கோவில்கள் எல்லாம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010-ம் ஆண்டு திருத்தச் சட்டப்படி இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

காவல் எதற்கு என்பதற்கு கைலாசநாதர் கோவிலே சாட்சி. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோவில் அது. பிற்காலத்தில் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து விட்டார்கள். 1931-ம் ஆண்டு புதுச்சேரியைச் சேர்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் அங்கே உள்ள சிறு சன்னதிகளைக் கூர்ந்து பார்த்தார். வெள்ளைக்கு அடியில் பல்லவர் காலத்து வண்ண ஓவியங்கள்! அந்தச் சுவரைச் சுரண்டி புதுப் பூச்சு பூசி இருந்தால் அவை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கை வைப்பதற்கு முன் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும் என்பது கோவிலுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். அப்படியானால் வீட்டுக்கு?

தறிக்கு ஏற்ற வீடு

காஞ்சீபுரத்து நெசவாளர் வீடு குடியிருக்க மட்டும் கட்டியது அல்ல. அது ஒரு தொழிற்கூடம்.

குழித்தறி தரையோடு தரையாக இருக்கும். நெசவாளர் குழியில் காலை விட்டு மிதி மிதிப்பார். பாவு தரையை ஒட்டி இருப்பதால் ஈரப்பதம் நிற்கும், இழை சீக்கிரம் அறாது. பாவை இழுத்துக் கட்ட கூடம் நீளமாக இருக்க வேண்டும். ஜக்கார்டு பெட்டியை மேலே ஏற்ற உயரமும் வேண்டும். கோர்வைச் சேலை என்றால் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்குத் தனி நாடா. அதை வீச பக்கத்தில் ஓர் ஆள். அநேகமாக வீட்டு ஆள்தான்.

இந்தக் கூடத்தை மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்தால் தறி எங்கே நிற்கும்? அடுக்கு மாடி கட்டினால் இரண்டாவது மாடியில் குழி தோண்ட முடியுமா?

காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சேலையை காஞ்சீபுரம் பட்டு என்று விற்கக் கூடாது. பெயருக்கு சட்டம் காவல். ஆனால் அந்தச் சேலை பிறக்கிற கூடத்துக்கு?

இடிக்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாட்டு ஓடு மாற்ற ஆள் கிடைப்பது இல்லை. சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்து விட்டார்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் உள்ளே ஈரம் அடைபடும். சில மழைக் காலத்தில் பூச்சு பெயரும். "பாத்தீங்களா, பழைய வீடு தாங்காது" என்று அப்புறம் வீட்டின் மேலேயே பழி!

வந்தது ஒரு திட்டம்

2015-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி மத்திய அரசு 'ஹிருதய்' என்ற பாரம்பரிய நகரங்கள் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 12 ஊர்கள். தமிழ்நாட்டில் இருந்து காஞ்சீபுரம், வேளாங்கண்ணி இரண்டும் இடம் பெற்றன. காஞ்சீபுரத்தின் பங்கு ரூ.23 கோடியே 4 லட்சம்.

ஒவ்வொரு ஊரிலும் ஆலோசனை மற்றும் கண்காணிப்புக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. எந்த வேலையை எடுப்பது, எப்படிச் செய்வது என்று அதிகாரிகளோடு விஷயம் தெரிந்தவர்களும் உட்கார்ந்து பேச ஒரு மேஜை கிடைத்தது.

2019-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதியோடு திட்டம் முடிந்தது. திட்டத்துக்காக வந்த குழுவின் வேலையும் அதோடு சரி.

அடுத்த மூன்றே மாதத்தில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்தில் இருந்து எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள். ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள். அந்தக் கூட்டத்தை ஊரின் பழைய தெருக்கள்தான் தாங்கின.

சம்பளம் கிடையாது

இத்தகைய குழு எப்படி வேலை செய்யும்? இங்கிலாந்தில் 1967-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒரு கட்டடத்தை மட்டும் அல்லாமல் ஒரு தெருவை, ஒரு பேட்டையை முழுதாகப் பாதுகாக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதன் பிறகு பல ஊர்களில் ஊர்க்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் ஏற்பட்டன. வீட்டு வரைபடம் அனுமதிக்கு வந்தால் குழுவினர் பார்ப்பார்கள். "ஜன்னல் இப்படி வேண்டாம், அப்படி வையுங்கள்" என்று எழுதிக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. சொல்லத்தான் முடியும்.

சொன்னால் மட்டும் போதுமா? நம் சென்னை அண்ணா சாலையில் நடந்ததைப் பாருங்கள்.

1897-ம் ஆண்டு கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். 'இன்டாக்' என்ற தன்னார்வ அமைப்பு ஐகோர்ட்டுக்குப் போனது. வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. 2010 ஏப்ரலில் "இடிக்கக் கூடாது" என்று தீர்ப்பு வந்தது. பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும் கோர்ட்டு சொன்னது. ஆனால் கடப்பாரை விழுந்த இடம் விழுந்ததுதான். ஒரு வார்த்தையை முன்னாலேயே கேட்டு இருந்தால் நான்கு ஆண்டு வழக்கு எதற்கு?

பாதி உனக்கு, பாதி எனக்கு

இன்னொரு வழியை புதுச்சேரி காட்டியது. அங்கே தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், 2000-க்குப் பிறகு ஐரோப்பிய உதவியோடு ஒரு வேலை நடந்தது. ஒரு வீட்டை அல்ல, தெருவையே எடுத்தார்கள். திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீட்டு முகப்புகளைப் பழையபடி சீர் செய்தார்கள். செலவில் பங்கு வீட்டுக்காரருக்கு, பங்கு திட்டத்துக்கு. "இடிக்காதே" என்று சொன்னவர்கள் பணத்தோடும் கொத்தனாரோடும் வந்தார்கள். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். 2008-ம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது.

காஞ்சீபுரத்தில் "எங்க வீடு, எங்க இஷ்டம்" என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஒழுகும் ஓட்டின் கீழ் பாவை நனைய விட்டுக்கொண்டு ஊர்ப் பெருமையை யாரும் காப்பாற்ற முடியாது. குழு வந்து "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அது இன்னொரு தொல்லை. "இப்படிச் செய்யுங்கள், இவர் செய்து கொடுப்பார், இவ்வளவு உதவி வரும்" என்று சொன்னால்தான் அது குழு.

நாற்காலி யாருக்கு?

தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. 2021 ஜூன் மாதம் கோவில்கள், பழஞ்சின்னங்கள் பற்றிய வழக்கில் ஐகோர்ட்டு 75 உத்தரவுகளைப் போட்டது. பாரம்பரிய ஆணையம் அமைப்பதும் அதில் ஒன்று. 2024-ல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 12 ஆண்டு! ஒரு ஓட்டு வீடு அதற்குள் எத்தனை மழையைத் தாங்கும்?

சட்டம் சென்னையில் இருக்கும். வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஊர்க் குழு நிரந்தரமாக வேண்டும். திட்டம் முடிந்தால் கலைந்து போகிற குழுவாக இருக்கக் கூடாது. மாநகராட்சி கட்டட அனுமதி கொடுப்பதற்கு முன் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். அதில் என்ஜினீயரும் பேராசிரியரும் இருக்கட்டும். ஆனால் தறியில் உட்கார்ந்த ஒருவருக்கும், சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஒரு கொத்தனாருக்கும் கட்டாயம் நாற்காலி போட வேண்டும். கூடம் எத்தனை அடி வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அறிஞர் அண்ணாவின் காஞ்சீபுரத்து வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பெரிய மனிதர் வீடு என்பதால் தப்பியது. பெயர் தெரியாத நெசவாளியின் வீடு?

அத்திவரதர் மறுபடி எழுந்தருள்வது 2059-ம் ஆண்டு. குளத்தில் இருந்து அவர் வெளியே வரும்போது கோவில் அப்படியே நிற்கும். அதற்கு காவல் உண்டு. தெருவில் பாவு கட்டி இருக்குமா என்பது இப்போது கடப்பாரை எடுக்கும் முன் நாம் கேட்கிற ஒரு வார்த்தையில் இருக்கிறது.