கோல் போடாத ஹீரோ!

குட்டீஸ்... பாஞ்சாலங்குறிச்சி என்றதும் யார் ஞாபகம் வருகிறார்? வீரபாண்டிய கட்டபொம்மன்தானே! பள்ளியிலிருந்து சுற்றுலாவாகக் கோட்டையைப் பார்க்கப் போனவர்கள், சுற்றிலும் இருக்கும் கரிசல் மண்ணையும் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் காலை விடாமல் அப்பிக்கொள்ளும். கோடையிலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

வற்றிய கம்மாய்தான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். செருப்பைக் கழற்றி இரண்டு பக்கமும் வைத்தால் கோல் போஸ்ட் ரெடி. அப்புறம் என்ன, வெறுங்காலோடு பந்தை உதைக்க வேண்டியதுதான்! அதே கரிசல் பூமியில் இருக்கும் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர் போன ஊர். 2022ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர்கள்தான்.

ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவரைத் தோளில் தூக்கி ஆடுகிறோம். சரி, கோட்டுக்கு வெளியே, விசிலும் கையுமாக ஒருவர் நிற்பாரே, அவரை யாராவது தூக்குகிறோமா? அப்படி வெளியே நின்றே இந்தியாவைக் கால்பந்தில் ஆசிய சாம்பியன் ஆக்கிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக்கூட வாத்தியார்

அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். 1909ல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே நல்ல கால்பந்து ஆட்டக்காரர். படித்து முடித்ததும் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளியில் விளையாட்டையும் கவனித்துக் கொண்டார். அதாவது, உங்கள் பி.டி. சார் மாதிரி!

1950ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு அவர் கோச் ஆனார். அந்த ஆண்டு முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து முறை மும்பை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி தட்டிச் சென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது.

இடது காலுக்கு ஒரு போட்டி

இவரிடம் வேடிக்கையான ஒரு பழக்கம் உண்டு. சிறுவர்களுக்குப் போட்டி வைப்பார். ஆனால், வலது கால் பழக்கம் உள்ளவர்கள் இடது காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும்! யோசித்துப் பாருங்கள், இடது கையால் பரீட்சை எழுதச் சொன்ன மாதிரி இருக்காதா?

பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. பந்து காலுக்கு வந்த உடனே அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். தனி ஆளாக ஓடிக் கைதட்டல் வாங்குவதைவிட, பதினொரு பேரும் சேர்ந்து ஆடுவதுதான் ஆட்டம் என்று சொல்லிக் கொடுத்தார்.

வாடகை சைக்கிள்

செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடா என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவர் ஆடுவதை ரஹீம் பார்த்தார். "இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது" என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பயிற்சிக்கு ஐதராபாத் வரச் சொன்னார். பையனோ தயங்கினான். அவ்வளவு தூரம் வந்து போகக் கையில் காசு இல்லை!

ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, அதற்கான பணத்தைத் தானே கொடுத்தார். அந்த சைக்கிள் பையன் பின்னாளில் 1956, 1960 என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். கொடுத்த காசு வீணாகவில்லை, இல்லையா?

பத்து கோல் வாங்கிய நாள்

ரஹீமுக்கு எப்போதும் வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. அந்தக் குளிரிலும் நம் ஆட்டக்காரர்கள் சிலர், கம்மாயில் ஆடுகிற மாதிரி வெறுங்காலோடுதான் ஆடினார்கள். எதிரணிக்காரர்களோ பூட்ஸ் போட்டிருந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயமானது.

நான்கு ஆண்டுகள் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக். இந்தியா 4-2 என்று ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே வென்றது! நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு என்ற பெருமை கிடைத்தது. அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா! முதல் கோலை இந்தியாதான் போட்டது. கடைசியில் 4-1 என்று தோற்றாலும், பத்து கோல் வாங்கிய பழைய அணி இது இல்லை என்று உலகத்துக்கே புரிந்தது. இந்தியாவுக்கு நான்காவது இடம்.

ஒரு லட்சம் பேர் எதிரே!

1962. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேல், தைவான் வீரர்களைப் போட்டிக்கு வர விடவில்லை. "அப்படியென்றால் இதை ஆசியப் போட்டி என்றே சொல்லக் கூடாது" என்று இந்தியாவின் ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அவ்வளவுதான், ஊர் மக்களின் கோபமெல்லாம் இந்தியர்கள் மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்களைக் கண்டாலே கூச்சல்தான்!

அணிக்குள்ளேயும் தொல்லைகள். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்த ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். இவர் நம் நீலகிரியில், வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்து வளர்ந்த ஆட்டக்காரர்.

ரஹீம் அசரவில்லை. தையல் போட்ட தலையோடு பின்னால் நின்று பந்தை முட்ட முடியாத ஜர்னைல் சிங்கை முன்னால் அனுப்பினார்! அரையிறுதியில் அவர் கோல் போட்டார். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மீண்டும் அதே தென் கொரியா. முந்தின இரவு ரஹீம் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு பரிசு கேட்டாராம். நாளைக்கு அந்தத் தங்கம் எனக்கு வேண்டும் என்றாராம்.

ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூச்சல் போட, ஆட்டம் தொடங்கியது. 17வது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல்! 20வது நிமிடம் ஜர்னைல் சிங் கோல்! காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கோலைக் காத்தார். தென் கொரியாவால் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. 2-1. தங்கம் இந்தியாவுக்கே!

ரஹீம் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது. ஆனால், அடுத்த ஜூன் மாதமே, 1963ல், நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டு போய்விட்டது. வயது 53. அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கமே இல்லை. இவரது கதை 2024ல் 'மைதான்' என்ற இந்திப் படமாகவும் வந்தது.

என்ன குட்டீஸ், இனி பி.டி. சார் "இடது காலால் உதைடா" என்றால் முகத்தைச் சுளிக்க மாட்டீர்கள்தானே? உங்களுக்கே தெரியாத ஏதோ ஒன்றை அவர் உங்களிடம் பார்த்திருக்கலாம். அடுத்த முறை ஜெயித்தால், கோல் போட்டவரை ஒரு சுற்று தூக்கிவிட்டு, கோட்டுக்கு வெளியே நிற்பவரிடமும் ஓடிப்போய் ஒரு 'தேங்க்ஸ்' சொல்லுங்கள்!

பெட்டிச் செய்தி: "கோச் என்று கூப்பிடாதே!"

அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்று ஓர் ஆட்டம் உண்டு. முட்டை வடிவப் பந்து. பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள்! அதில் ஜான் காக்லியார்டி என்று ஒரு கோச். பள்ளியின் கோச் இரண்டாம் உலகப் போருக்குப் போய்விட்டதால், 16 வயதிலேயே தன் பள்ளி அணிக்குக் கோச் ஆனவர். மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 1953 முதல் 2012 வரை பயிற்சி கொடுத்தார். விசில் கிடையாது. பயிற்சியில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளக் கூடாது. 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, 'ஜான்' என்றே கூப்பிட வேண்டும்! இவர் அணிகள் ஜெயித்த ஆட்டங்கள் 489. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்தக் கோச்சும் இத்தனை ஜெயித்ததில்லை. 2018ல் தன் 91வது வயதில் மறைந்தார்.