ஓட்டை அட்டை போட்ட உத்தரவு

செல்போனிடம் ஒரு கேள்வி கேட்டால் நொடியில் பதில் வருகிறது. எப்படி என்று பெரியவர்களைக் கேட்டால், "உள்ளே சிப் இருக்கு" என்பார்கள். சிப்பை உடைத்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. ஆனால் அதற்குள் இருக்கும் அடிப்படை விஷயம் ஒன்றைக் கண்ணாலேயே பார்க்கலாம், தெரியுமா?

ஆரணிப் பக்கம் போனால், பட்டு நெய்யும் வீடு ஒன்றில் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். அதுதான் ஜக்கார்டு. பிரான்ஸில் லியோன் என்ற பட்டு ஊரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கியது.

நெசவாளர் மிதியை மிதித்ததும் ஓர் அட்டை ஊசிகளின் மேல் போய் அழுந்தும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்துவிடும். அதனுடன் சேர்ந்த கொக்கி, நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். நூல் கீழேயே கிடக்கும். தூக்கிய நூலுக்கு அடியில் நாடா ஓடி, குறுக்கே ஊடை இழையைப் போடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. இப்படி இழை இழையாக, முந்தானையில் மயில் வந்துவிடும்!

அட்டைக்குத் தெரிந்தது இரண்டே பதில்: 'தூக்கு', 'தூக்காதே'. ஓர் இடம் என்றால் 2 வகை. இரண்டு இடம் என்றால் 4, மூன்று என்றால் 8. எட்டு இடத்துக்கு 256! எத்தனை மயில் வேண்டுமானாலும் நெய்யலாம்.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணக்குப் பொறிக்கு இதே அட்டைகளைத்தான் பயன்படுத்தத் திட்டமிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளை இயந்திரத்தால் எண்ண வைத்தார். இன்றைய சிப்பில் ஓட்டைக்குப் பதில், கோடிக்கணக்கான நுண்ணிய மின் ஸ்விட்சுகள். அவற்றுக்கும் 'ஆன்', 'ஆஃப்' இரண்டுதான் தெரியும்.

நீங்களும் செய்து பாருங்கள். கட்டம் போட்ட தாளில் 8 வரிசை, வரிசைக்கு 8 கட்டம் எடுத்து ஒரு மாங்காய் வரையுங்கள். நிறம் பட்ட கட்டத்துக்கு 1, படாததுக்கு 0. படத்தைக் காட்டாமல் எண்களை மட்டும் நண்பனுக்குப் படித்துக் காட்டி, அவனை வரையச் சொல்லுங்கள். மாங்காய் கோணலாக வந்தால், தப்பு எந்த வரிசையில் என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கும் பாதி வேலை அதுதான்!